ஊசி போடுவதா, வேண்டாமா? பிறக்கப்போகும் பிள்ளைக்காக ஒரு தாயின் யோசனை

(தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில், ஏழு மாதக் கர்ப்பிணியான, கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர் ஆற்றிய பேச்சு. பெரும்பாலும் அவர் பேசியபடியே தந்திருக்கிறோம்.)



முன்னால் உட்கார்ந்திருக்கிற ஐயாமார், கிளினிக் மிஸ், பிள்ளைக்காம்பரா அக்கா, மலையிலிருந்து நேரே வந்து கூடையை வாசலில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிற அம்மாமாரே, அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால் சுவரோரம் நிற்கிற ஆம்பிளைகளே, உங்க எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் பெரிய படிப்புப் படிச்சவ இல்லை. சாதாரண தரம் வரைக்கும் படிச்சேன், பிறகு மலைக்குப் போயிட்டேன். இப்போ எனக்கு ஏழாம் மாசம் நடக்குது. இதுதான் முதல் பிள்ளை. தடுப்பூசியைப் பற்றி ஒரு தாய் பேசினால் நல்லதுன்னு சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. "பிள்ளை பெத்து ஊசி போட்ட தாய்மார் எத்தனையோ பேர் இருக்காங்களே, இன்னும் பெறாத நான் என்னத்தைப் பேசுறது?"ன்னு கேட்டேன். "போட்டு முடிச்சவுங்களுக்கு யோசனை முடிஞ்சு போச்சு. உனக்குத்தான் இப்போ யோசனை ஓடுது. அதைச் சொல்லு"ன்னாங்க. அதனால் என் யோசனையை அப்படியே சொல்லப் போறேன். பிழை இருந்தால் டாக்டர் ஐயா திருத்தட்டும்.

என் மனசில் இருந்த கேள்வி இதுதான். எனக்கு ஒரு ஊசி போடணும்னா, வலிக்கிறதும் எனக்கு, முடிவு எடுக்கிறதும் நான். கையை நீட்டுறதா வேண்டாமான்னு நானே தீர்மானிக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வாய் இல்லை. அதுக்காக நான் முடிவெடுக்கணும். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பச்சை உடம்பில் ஊசி ஏத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை? வேண்டாம்னு சொல்லித் தடுக்க மட்டும் எனக்கு என்ன உரிமை? இரண்டுமே பெரிய பொறுப்புத்தானே?

நம்ம ஆட்களுக்கு ஏன் பயம்?

லயத்தில் பேசிப் பார்த்தேன். ஊசின்னா பயப்படுகிறவுங்களை அறியாத ஜனம்னு சிலபேர் பேசுறாங்க. அது எனக்குச் சரியாப் படலை. நம்ம பயத்துக்குக் காரணம் இருக்கு.

நம்ம பூட்டன் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்த காலத்தில் மண்டபம் முகாமில் சில நாள் தடுத்து வைத்து, அம்மை குத்தி, அதற்குப் பிறகுதான் கடலைக் கடக்க விட்டாங்க. அந்த ஊசி நல்லதுக்குத்தான். ஆனால் அதைக் குத்தினவுங்க "இது இன்னதுக்கு, உனக்குச் சம்மதமா?"ன்னு கேட்டிருப்பாங்களா? வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லியிருப்பாங்க. அவ்வளவுதான்.

பிறகு 1980களில் பிள்ளை பெறாமல் இருக்க ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. கையில் காசில்லாத நேரத்தில் காசைக் காட்டிக் கேட்டால் அதில் எவ்வளவு சம்மதம், எவ்வளவு பசின்னு யார் பிரிக்கிறது? அந்த நினைவு நம்ம பெரியம்மாமாருக்கு இன்னும் மறக்கலை. அதனால்தான் இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஊசின்னா, "இது கரு நிக்காமல் பண்ற ஊசியோ?"ன்னு யாராவது ஒருத்தர் மெதுவாகக் கேட்கிறாங்க.

அந்தச் சந்தேகத்தைக் கேலி பண்ணக்கூடாது. உட்கார வைத்துப் பதில் சொல்லணும். பிள்ளைகளுக்குப் போடுகிற தடுப்பூசி எதுவும் கருவைத் தடுக்காது. நம்ம அம்மாமாருக்கும் சின்ன வயசில் இப்படித்தான் ஊசி போட்டாங்க. அதற்குப் பிறகுதான் நாம் பிறந்தோம். இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

இன்னொரு பயம், நேரில் கண்ட பயம். எங்க மாமி சொல்லுவாங்க: "பிள்ளை நல்லாச் சிரிச்சு விளையாடிக்கிட்டு இருந்திச்சு. ஊசி போட்டு வந்த ராத்திரி காய்ச்சல் வந்து அழுதழுது விடிஞ்சிச்சு. நல்லா இருந்த பிள்ளையை நாமளே ஏன் நோகடிக்கணும்?" இதுக்கு என்ன பதில்? மாமி பொய் சொல்லலை. காய்ச்சல் வருகிறது உண்மை.

நல்லா இருக்கும்போது ஏன் மருந்து?

இதை நாம் மலையிலேயே தினமும் பார்க்கிறோம். தேயிலைக்குக் கொப்புள நோய் 1946இல்தான் இலங்கைக்கு வந்ததுன்னு சொல்லுவாங்க. மழையும் பனியும் மூடுகிற மாசத்தில் அது பரவும். எப்போ மருந்து அடிக்கிறோம்? இலை பச்சைப் பசேல்னு நல்லா இருக்கும்போதே அடிக்கிறோம். இலையில் கொப்புளம் எழும்பின பிறகு அடித்தால் அந்தக் கொழுந்து போனது போனதுதான். மருந்து அடிக்கிற அண்ணனைப் பார்த்து, "செடி நல்லாத்தானே இருக்கு, ஏன் அடிக்கிற?"ன்னு யாரும் கேட்கிறதில்லை.

தடுப்பூசியும் அதே கணக்குத்தான். நோயை உண்டாக்குகிற கிருமியைக் கொன்றோ, பலம் குறைத்தோ, அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்தோ உடம்புக்குக் காட்டுறாங்க. உடம்பு அதைப் பார்த்து, "இவன்தான் எதிரி"ன்னு அடையாளம் பிடித்து வைக்குது. பிறகு நிஜமான கிருமி வரும்போது உடம்பு ஏற்கெனவே தயாராக நிற்குது. அப்படித் தயாராகிற நேரத்தில்தான் அந்தச் சின்னக் காய்ச்சல் வருது. மாமி கண்ட காய்ச்சல் அதுதான். ஒரு நாள், இரண்டு நாளில் போயிரும். ஆனால் குக்கல் வந்த சின்னப் பிள்ளை இருமி இருமி மூச்சு நின்று நீலம் பாயுமே, அது ஒரு நாளில் போகாது. வாரக்கணக்கில் இருக்கும். கைக்குழந்தையாக இருந்தால் உயிரையே கொண்டுபோகும்.

இங்கே இருக்கிற வயசான அம்மாமார் உங்க கையைப் பாருங்க. பெரிய வட்டத் தழும்பு இருக்கும். அது பெரியம்மைக்குக் குத்தினது. எங்க வயசுப் பிள்ளைகளின் கையில் அந்தத் தழும்பு இல்லை. காசநோய்க்குப் போட்ட பீ.சீ.ஜீ. தழும்பு மட்டும்தான் இருக்கு. ஏன்? பெரியம்மை உலகத்திலேயே இல்லாமல் போச்சுன்னு 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. நோய் போனதும் அந்த ஊசியையும் நிறுத்திட்டாங்க. தேவையில்லாத ஊசியை யாரும் போட்டுக்கொண்டே இருக்கிறதில்லைன்னு எனக்கு அப்போதான் விளங்கிச்சு.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்க. கால் சூம்பிப்போய்த் தடியை ஊன்றி நடக்கிற பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த மாதிரி ஒரு சின்னப் பிள்ளையை இப்போ காட்டுங்க பார்ப்போம்? நம்ம நாட்டில் போலியோ சொட்டு மருந்து 1962இல் வந்தது. கடைசிப் போலியோ நோயாளி கண்டது 1993இல். சண்டை நடந்த காலத்தில்கூட, வடக்கு கிழக்கில் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற நாளில் இரண்டு பக்கமும் துவக்கைக் கீழே வைத்தாங்க. 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதுக்கும் போலியோ இல்லைன்னு சான்று கொடுத்தாங்க.

அடுத்தது, பிறந்த குழந்தைக்கு வருகிற ஏற்புவலி. முன்னே லயத்துக் காம்பராவிலேயே பிள்ளை பெற்ற காலத்தில், கையில் கிடைத்த கத்தியாலோ பிளேடாலோ கொடியை அறுப்பாங்க. பிறந்து ஐந்தாம் நாள், ஏழாம் நாளில் பிள்ளை பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடம்பு வில்லு மாதிரி வளையும். தோஷம்னு நினைத்து மந்திரிப்பாங்க. பிள்ளை தங்காது. கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி போடுகிற வழக்கம் நம்ம நாட்டில் 1969இல் தொடங்கிச்சு. தாய்க்குப் போடுகிற ஊசி வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போய்ச் சேரும். முதல் பிள்ளைங்கிறதால் நானும் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். ஆக, என் பிள்ளைக்கு முதல் பாதுகாப்பு பிறக்கிறதுக்கு முந்தியே கிடைச்சிருச்சு.

என் முடிவு பக்கத்துக் காம்பராவையும் தொடும்

"என் பிள்ளை, என் இஷ்டம்"னு சொல்லலாமா? நான் இதைத்தான் ரொம்ப நாள் யோசித்தேன்.

என் பிள்ளைக்கு என்ன சோறு ஊட்டுறது, என்ன பேர் வைக்கிறது, எந்தக் கோவிலில் மொட்டை போடுறதுங்கிறது என் இஷ்டம். அது பக்கத்து வீட்டைத் தொடாது. ஆனால் சின்னமுத்து அப்படியில்லை. ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால், தடுப்புச் சக்தி இல்லாத பன்னிரண்டு பதினெட்டுப் பேருக்கு அது பரவலாம். நோயாளி எழும்பிப் போன பிறகும் அந்தக் காற்றில் இரண்டு மணி நேரம் வரைக்கும் கிருமி நிற்கும். நம்ம லயம் எப்படி? ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். கூரைக்குக் கீழே இருக்கிற இடைவெளியில் இருமல் சத்தமே கேட்கும். காலையில் எல்லாப் பிள்ளைகளையும் இதே பிள்ளைக்காம்பராவில்தான் விட்டுட்டு மலைக்குப் போறோம்.

சின்னமுத்துக்குரிய முதல் ஊசி 9 மாசத்தில்தான் போடுறாங்க. அதுக்கு முந்தின பிள்ளைகள் பக்கத்தில் தொட்டிலில் கிடக்குதுகள். அதுகளுக்கு யார் காவல்? ஊசி போட்ட மற்றப் பிள்ளைகள்தான். என் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது உங்க பிள்ளைகளால் அது தப்பிக்கும். என் பிள்ளை வளர்ந்த பிறகு அடுத்து வருகிற கைக்குழந்தைக்கு அது காவல் நிற்கணும். நம்ம சீட்டுப் பிடிக்கிற கணக்கு மாதிரித்தான் இது. முதல் மாசம் சீட்டை எடுத்துக்கொண்டு பிறகு கட்டாமல் விட்டால் மற்றவன் கதி என்ன?

"அந்த நோயெல்லாம் இப்போ ஏது?"ன்னு கேட்கிறவுங்களுக்கு ஒன்று சொல்லுறேன். நம்ம நாட்டில் சின்னமுத்து இல்லாமல் போச்சுன்னு 2019இல் சான்று கிடைத்தது. ஆனால் 2023இல் அது திரும்ப வந்து பரவிச்சு. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் 6 மாசம் முதல் 9 மாசம் வரையான பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஊசி போட வேண்டி வந்தது. கதவைச் சாத்தி வைத்திருந்தால்தான் நரி வெளியே நிற்கும். கொஞ்சம் திறந்தால் உள்ளே வந்திடும்.

மாரியம்மனைக் கும்பிடுகிறவதான் நானும். முத்துப் போட்டால் வேப்பிலை கட்டுறதையும் வீட்டைச் சுத்தமா வைக்கிறதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சின்னமுத்து வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் வைத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரலாம், வயிற்றோட்டம் வரலாம், கண் பார்வை போகலாம், மூளையையும் பாதிக்கலாம். அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறதுக்கும் பிள்ளைக்கு ஊசி போடுறதுக்கும் சண்டை இல்லை. இரண்டையும் செய்யலாம்.

கேட்கிறதுக்கு நமக்கு உரிமை இருக்கு

இவ்வளவும் சொன்னதால், "வாயை மூடிக்கிட்டுக் கையை நீட்டு"ன்னு நான் சொல்லுறதா யாரும் நினைக்க வேண்டாம். விளங்காமல் தலையாட்டுறது சம்மதம் இல்லை. கிளினிக்கில் சிங்களத்தில் சொன்னால் விளங்காதவுங்க, விளங்கலைன்னு சொல்லணும். கூட வந்தவுங்களைக் கொண்டாவது தமிழில் கேட்கணும். "இது என்ன ஊசி? எந்த நோய்க்கு? போட்ட பிறகு என்ன வரும்? எப்போ திரும்ப வரணும்?" இந்த நாலு கேள்வியும் கேட்டால் எந்த மிஸ்ஸும் கோபிக்க மாட்டாங்க. கோபித்தாலும் கேட்கணும்.

ஊசியால் ஆபத்தே இல்லைன்னு சொன்னால் அது உண்மையில்லை. உண்மையைச் சொன்னால்தான் ஜனம் நம்பும். பத்து லட்சம் ஊசியில் ஒன்று என்கிற அளவில் கடுமையான ஒவ்வாமை வரலாம். அது வந்தால் பெரும்பாலும் சில நிமிஷத்துக்குள்ளேயே வரும். அதனால்தான் ஊசி போட்ட பிறகு 20 நிமிஷம் கிளினிக்கிலேயே இருக்கச் சொல்லுறாங்க. கொழுந்து நிறுக்கிற நேரமாச்சுன்னு நாம் உடனே ஓடி வந்துவிடக்கூடாது. அந்த ஒவ்வாமைக்கு மருந்து அங்கேயே வைத்திருக்காங்க.

நம்ம நாட்டிலேயே நடந்த ஒன்றையும் சொல்லுறேன். ஐந்து நோய்க்கும் சேர்த்துப் போடுகிற ஐங்கூட்டு ஊசி 2008 ஜனவரியில் தொடங்கிச்சு. சில மாசத்துக்குள் ஊசி போட்ட சில பிள்ளைகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் அரசாங்கம் அந்த ஊசியை நிறுத்தி, பழைய ஊசிகளைக் கொடுத்து, விசாரணை வைத்தது. விசாரித்துப் பார்த்த பிறகு 2010இல்தான் திரும்பத் தொடங்கினாங்க. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் பயம் வந்தது. பிறகு யோசித்தால், நிறுத்திப் பார்க்கிறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்குங்கிறதே எனக்குத் தைரியம். அந்த ஏற்பாடு வேலை செய்யணும்னா நாம் வாயைத் திறக்கணும். ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு வலிப்பு வந்தாலோ, துவண்டு போனாலோ, விடாமல் மணிக்கணக்கில் அழுதாலோ, "சாதாரணம்தான்"னு நாமே தீர்மானிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டி, மிட்வைப் மிஸ்ஸிடமும் சொல்லி, பிள்ளையின் புத்தகத்தில் எழுதிக்கணும்.

போனில் வருகிற கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னமுத்து ஊசி போட்டால் பிள்ளைக்கு ஓட்டிசம் வரும், பேச்சு வராதுன்னு ஒரு செய்தி சுற்றுது. எனக்கும் வந்தது. கிளினிக் டாக்டர் அம்மாவிடம் காட்டிக் கேட்டேன். இங்கிலாந்தில் ஒரு டாக்டர் 1998இல் பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதின கட்டுரையில் இருந்துதான் இந்தக் கதை கிளம்பிச்சாம். அதை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிட்டது. அதே வருஷம் அந்த ஆளின் பெயரை டாக்டர்மார் பதிவிலிருந்தும் வெட்டிட்டாங்க. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளை வருஷக்கணக்கில் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அப்படி ஒரு தொடர்பே இல்லைன்னு கண்டாங்க. பன்னிரண்டு பெரிசா, ஆறரை லட்சம் பெரிசா? நிறுவைத் தட்டில் போட்டுப் பார்க்க நமக்குத் தெரியாதா?

சும்மா இருக்கிறதும் ஒரு முடிவு

ஊசி போட்டு ஏதாவது ஆனால் "நான்தான் கொண்டு போனேன்"னு நெஞ்சு அடிக்கும். போடாமல் விட்டு நோய் வந்தால் "கடவுள் விட்ட வழி"ன்னு மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அதனால்தான் சும்மா இருக்கிறது நமக்குச் சுகமாத் தெரியுது. ஆனால் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். நான் கொண்டு போனாலும் அது என் முடிவு, வீட்டில் வைத்திருந்தாலும் அது என் முடிவு. பழி யாருக்குன்னு பார்க்காமல், எதில் பிள்ளைக்கு ஆபத்துக் குறைவுன்னு பார்க்கணும். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பதில் கிடைச்சிருச்சு. என் பிள்ளைக்கு எல்லா ஊசியும் போடப் போறேன்.

எந்தெந்த வயசில் எதுன்னு நான் எழுதி வைத்திருக்கிறேன். வாசிக்கிறேன், நீங்களும் குறித்துக்கொள்ளுங்க.

பிறந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர முந்தி, காசநோய்க்கு பீ.சீ.ஜீ. இடது கையில் போடுவாங்க. சில வாரத்தில் சின்னப் புண்ணு மாதிரி வந்து ஆறும். அதில் மஞ்சளோ எண்ணெயோ பூச வேண்டாம். 6 மாசமாகியும் தழும்பு வரலைன்னா மிஸ்ஸிடம் காட்டுங்க.

2 மாசம், 4 மாசம், 6 மாசம்: ஐங்கூட்டு ஊசியும் போலியோ சொட்டு மருந்தும். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரலைப் பாதிக்கிற செங்கமாரியில் ஒரு வகை, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டு வருகிற ஹிப் கிருமி, இந்த ஐந்துக்கும் ஒரே ஊசி. 2 மாசத்திலும் 4 மாசத்திலும் போலியோவுக்கு ஊசியும் உண்டு.

9 மாசம்: சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஊசி. இதுக்குக் காய்ச்சல் உடனே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரலாம். பயப்பட வேண்டாம்.

12 மாசம்: ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு. 18 மாசம்: முக்கூட்டு ஊசியும் போலியோவும். 3 வயசில் சின்னமுத்து ஊசி இரண்டாம் தடவை. 5 வயசில் பள்ளிக்கூடம் போகும்போது மீண்டும் ஒன்று. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்திலேயே போடுவாங்க.

பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு விட்டுட்டு, எப்போ வரணும்னு மிஸ்ஸிடம் கேட்டு வரலாம். முந்தின ஊசிக்குக் கடுமையான கோளாறு வந்திருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லணும். ஒரு ஊசி தவறிட்டதுன்னு வெட்கப்பட்டு கிளினிக்கை விட்டுவிடாதீங்க. பிந்திப் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடருவாங்க.

கலியாணம் முடித்த தங்கச்சிமார், இன்னும் முழுகாமல் இல்லாதவுங்க, ருபெல்லா ஊசி போட்டிருக்குதான்னு இப்போவே கேளுங்க. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாய்க்கு ருபெல்லா வந்தால் பிள்ளைக்குக் கண், காது, இருதயம் மூன்றும் பாதிக்கலாம். முழுகாமல் இருக்கும்போது அந்த ஊசி போட மாட்டாங்க. முந்தியே போட்டுக்கணும்.

இரண்டு வேண்டுகோள்

கடைசியா, முன்னால் இருக்கிற ஐயாமாருக்கும், பின்னால் நிற்கிற ஆம்பிளைகளுக்கும் இரண்டு வேண்டுகோள்.

தடுப்பூசி போடாத பிள்ளைன்னு ஒன்றைக் கண்டால், தாய்க்கு அக்கறையில்லைன்னு உடனே சொல்லிடுறாங்க. அவளுக்கு அக்கறை இருக்கு, பேர் இல்லை! கிளினிக் போனால் அன்றைக்கு அரைப்பேரோ முழுப்பேரோ போகுது. பஸ்ஸுக்குக் காசு வேணும், வரிசையில் நிற்க நேரம் வேணும். அன்றைக்குச் சம்பளமா, பிள்ளைக்கு ஊசியான்னு ஒரு தாயைக் கேட்டுவிட்டு, அதைத் தெரிவுன்னு சொல்லக்கூடாது. அதனால் கிளினிக்கை முடிந்த மட்டும் தோட்டத்திலேயே, இந்தப் பிள்ளைக்காம்பராவிலேயே வைக்கணும். தூரத்துக்குப் போக வேண்டி வந்தால் அந்தத் தாய்க்குப் பேர் வெட்டாமல் இருக்க ஒரு வழி செய்யணும். தொழிற்சங்கத்து அண்ணன்மாரும் இதைப் பேசணும். பாலூட்டுகிற தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை இடைவேளை கொடுக்கணும்னு சட்டத்தில் இருக்கிற மாதிரி, ஊசி நாளுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி தவறாது.

ஆம்பிளைகளுக்கு ஒன்று. பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் உங்க வீட்டில் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா இன்றைக்கே கேட்டுப் பாருங்க. தகரப் பெட்டிக்குள்ளே நனையாமல் வையுங்க. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறப்போ கேட்பாங்க. பொம்பிளைக்கு மலையில் அவசர நாள்னா நீங்க பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்க. எங்க வீட்டுக்காரர் வாறதாச் சொல்லியிருக்கார். இத்தனை பேர் முன்னால் சொல்லிட்டேன், இனி அவர் தப்ப முடியாது!

மாமியிடமும் இதையெல்லாம் பேசினேன். அவுங்க கடைசியா ஒன்று சொன்னாங்க: "போடுறதைப் போடு. ஆனால் ஊசி போட்ட ராத்திரி பிள்ளையை நான்தான் வைத்திருப்பேன்." அது நல்ல ஏற்பாடுதான். பயம் இருக்கிற பெரியவுங்களை விலக்கி வைக்காமல் கூட வைத்துக்கொண்டால், அந்தப் பயமே பிள்ளைக்குக் காவலாகும்.

அடுத்த கிளினிக் நாளைக்குக் கைப்பிள்ளை இருக்கிறவுங்க எல்லாரும் மறக்காமல் வாங்க. வரும்போது பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் தாயையும் கூப்பிட்டுக்கொண்டு வாங்க.